'ஃபான்' ஒட்டினால் பிரபு ஆகிவிட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜெர்மன் பிரபுக் குடும்பங்கள் பற்றிய கட்டுரை, பெயரில் 'ஃபான்' (von) என்ற ஜெர்மன் சொல் இருந்தாலே பிரபு வம்சம் என்கிறது. அதை நம்பி யாரும் கொடிவழி தேடக் கிளம்ப வேண்டாம்.

'இன்ன ஊரைச் சேர்ந்தவர்' என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வட ஜெர்மனியில் சாதாரணக் குடியானவர் பெயரிலும் அது உண்டு. பழைய பிரபுக் குடும்பமான க்னிக்கே குடும்பத்தாருக்கோ அது கிடையாது. இசைமேதை லுட்விக் வான் பீத்தோவனின் 'வான்' டச்சுச் சொல். அவருடைய தம்பி மகனுக்கு யார் பாதுகாவலர் என்ற வழக்கு, வியன்னாவில் பிரபுக்களுக்கென்று இருந்த நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1818 டிசம்பரில் பிரபுத்துவத்துக்குச் சான்று எங்கே என்ற கேள்வி எழுந்தது. காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. வழக்கைப் பொதுமக்களுக்கான நகர நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஜெர்மன் கவிஞர் கதேயும் பிறவிப் பிரபு அல்லர். 1782-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் பட்டயம் கொடுத்த பிறகே அவர் பெயரில் 'ஃபான்' ஏறியது.

1919 பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. அந்த ஆண்டு ஜெர்மனியின் குடியரசுச் சட்டமான வைமார் அரசியலமைப்பின் 109-ஆம் பிரிவு, பட்டங்களை வெறும் பெயரின் பகுதியாக்கிவிட்டது. இன்று ஒருவர் பெயரில் 'கிராஃப்' என்ற பிரபுப் பட்டம் இருந்தால் அது குடும்பப் பெயர், அவ்வளவே. தத்துப் போனவருக்கும் அது வந்து சேரும். ஆஸ்திரியா அதே ஆண்டு 'ஃபானை'யும் சேர்த்து ஒழித்தது. அதனால்தான் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசரின் மூத்த மகன் ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் ஹாப்ஸ்பர்க், ஆஸ்திரியாவில் ஓட்டோ ஹாப்ஸ்பர்க் லோத்ரிங்கன். இது தெரியாமல் தேடுபவர் ஒரே ஆளை இரண்டு பேராக எழுதிவைப்பார்.

1763 முதல் வந்த, பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி ஆண்டுநூலான கோத்தா பஞ்சாங்கத்தைக் கட்டுரையாளர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். அத்தகைய வம்சாவளி நூல்களுக்குத் தகவல் தந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தாரே. பதிப்பாளர்கள் சரிபார்த்தாலும், திருமணத்தையும் பிறப்பையும் தேவாலயப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் எழுதக்கூடாது. 1876-க்குப் பிறகு என்றால் அரசுப் பதிவே பேரரசு முழுவதும் கிடைக்கும்.

இன்னொன்று: ஜெர்மன் சிற்றரசர்களான ரொய்ஸ் குடும்பத்து 'எழுபத்திரண்டாம் ஹைன்ரிக்' என்பதை ஆட்சி வரிசையாகக் கட்டுரை எண்ணிவிட்டது. 1848-இல் அரியணை துறந்த அவருக்கு முன் 71 ஹைன்ரிக்குகள் ஆளவில்லை. அந்த வீட்டில் பிறக்கும் ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். எண் வந்தது பிறப்பு வரிசையால். 1927-இல் அற்றுப்போன மூத்த கிளையில் நூறுவரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவது முறையாக இருந்தது, இளைய கிளை நூற்றாண்டு பிறந்ததும் தொடங்கும். ஆகவே கிளையும் பிறந்த தேதியும் சேர்த்து எழுதினால்தான் எந்த ஹைன்ரிக் என்பது பிடிபடும். அந்தத் தேதியிலும் கவனம் வேண்டும். பழைய ஜூலியன் நாள்காட்டியை விட்டுப் புதிய கிரிகோரியன் நாள்காட்டிக்கு ஒட்டி மாறியதால், புராட்டஸ்டன்ட் சிற்றரசுகளில் 1700 பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதற்கு முந்தைய நூற்றாண்டில் கத்தோலிக்கப் பகுதிகளின் தேதி 10 நாள் முன்னால் ஓடியது. எந்த நாள்காட்டி என்று குறிக்காவிட்டால் ஒரே குழந்தைக்கு இரண்டு பிறந்த நாள் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்