மக்காச்சோள விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன; வருகையும் வழக்கம்போல்தான், அதை விடுவோம். இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது உழவில்லா சாகுபடி. முன்வந்த உறுப்பினர்கள் வயலில் பாதியை உழுதும் பாதியை உழாமலும் விதைத்தார்கள்.

முதலில் ஈரம். முந்தைய பயிரின் தட்டையை, அதாவது காய்ந்த தண்டையும் இலையையும், மண்ணுக்கு மூடாக்காக விட்ட இடங்களில், வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீர் மண்ணிலேயே நின்றது. மண்புழுத் துளைகளும் பழைய வேர்த் தடங்களும் கலையாததால் மழைநீர் ஓடாமல் உள்ளே இறங்கியது. பயிரே குறைவாகத் தண்ணீர் குடிக்கிறது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வெறும் மண்ணிலிருந்து வீணாகியிருக்க வேண்டியது இலை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். கதிர் நுனியில் பட்டு இழை விடும் சமயத்தில் மக்காச்சோளம் வறட்சியைத் தாங்காது. மிச்சம்பிடித்த ஈரம் அதுவரை நின்றால் கதிரில் மணி பிடிக்கும்.

விளைச்சல் வேறு கதை. தண்ணீர் வடியும் வயல்களில் உழாத பாதி முந்தியது, களிமண்ணில் பிந்தியது. என்னுடையது களிமண். மூடாக்கின் கீழே மண் குளிர்ந்து கிடந்ததால் முளைப்பு தாமதமானது. ஈர மண்ணில் விதைப்புக் கருவி கிழித்த கோடு மூடாமல் வாய் பிளந்து நின்றது. தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டதில் இளம்பயிர் வெளுத்தது. விதைக்கும்போதே பக்கத்தில் கொஞ்சம் தழைச்சத்து வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் ஓஹியோவில் 1962இல் தொடங்கிய சோதனை வயல்களிலும் இதே பிரிவுதான். வடியாத மண்ணில் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே போட்டால் உழாத வயலின் விளைச்சல் குறைந்தது, பயிரை மாற்றியபோது அந்தக் குறை சுருங்கியது. 63 நாடுகளின் 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த கட்டுரையில், எல்லாப் பயிர்களுக்கும் சேர்த்து உழவில்லா முறையின் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைவு. வறண்ட மானாவாரியில் மூடாக்கும் பயிர்ச் சுழற்சியும் சேர்ந்த இடத்தில் 7.3 சதவீதம் அதிகம்.

தட்டையை முழுக்க மாட்டுக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு ‘உழவில்லாமல் செய்தேன், பலனில்லை’ என்றவர்களின் கணக்கை இதில் சேர்க்கவில்லை. கோபிக்க வேண்டாம்.

அடுத்த பருவத்தில் களிமண் வயல்காரர்கள் இரு மக்காச்சோளப் போகங்களுக்கு இடையில் ஒரு பயறு போட்டுப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். சங்கத்திடம் இருப்பது ஒரே விதைப்புக் கருவி. வேண்டுவோர் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்