நாலு வருட விசாவில் ஐந்து வருடம் எப்படி முடியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'தென்னாப்பிரிக்காவில் வேலை, ஐந்து வருடத்தில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) நிச்சயம்' என்று ஊரில் ஏஜெண்டுகள் ஆள் பிடிக்கிறார்கள் என என் தம்பி போனில் சொன்னான். அவனோடு படித்த இரண்டு பேர் பணம் கட்டத் தயாராகிவிட்டார்களாம். டர்பனில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து வருடம் என்பது பொய்யில்லை. இங்குள்ள 2002ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஐந்து வருடம் வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வேலை தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். ஏஜெண்ட் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார். எந்த விசா என்று வாய் திறக்க மாட்டார்.

எங்கள் மாடியில் குடியிருந்த தென்காசிக்காரரை அவருடைய சென்னைக் கம்பெனி இங்குள்ள கிளைக்கு மாற்றலில் அனுப்பியது. அதற்கென்று தனி விசா உண்டு. அதிகபட்சம் நாலு வருடம், நீட்டிப்பு கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தை எப்படி முடிப்பது? ஊரிலிருந்து கிளம்பும்போது கம்பெனியில் கேட்டதற்கு, "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்களாம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவிலேயே எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று அச்சடித்திருக்கும். வேறு கம்பெனி கூப்பிட்டாலும் புது விசா வாங்காமல் நகர முடியாது. அவர் பையன் பள்ளியில் ஜூலு பாட்டெல்லாம் கற்றுக்கொண்டு வந்து மாடிப்படியில் பாடிக்கொண்டிருந்தான். விசா முடிந்த வருடக் கடைசியில் குடும்பத்தோடு மூட்டை கட்டினார்கள்.

சரி, விசா சரியாக இருந்தாலும் காகித வேலை லேசில்லை. 18 வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று கொடுக்க வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். நான் முன்பு துபாயில் இருந்தவன். அந்தச் சான்று வந்து சேர்வதற்குள் இந்தியச் சான்று காலாவதி. மறுபடி வரிசை. பட்டப்படிப்பைச் சாக்வா என்ற அமைப்பு மதிப்பிட்டுத் தர வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு. டிகிரியில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். சிலருக்குப் பிறப்புச் சான்றில் பெயரே சேர்த்திருக்காது. ஊரில் இருக்கும்போதே நகராட்சிக்கு நடந்து இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. இங்கிருந்து செய்தால் ஊரில் யாராவது நமக்காக அலைய வேண்டும்.

என் சொந்த ஊர் பொறையாறு, தில்லையாடி பக்கம்தான். அந்தக் காலத்தில் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்கும் ஒப்பந்தம் ஐந்து வருடம்தான். அது முடிந்தும் தங்க நினைத்தவர்கள் மேல் 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி போட்டார்கள். 1914இல்தான் அது ஒழிந்தது. அந்த வரியையும் எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை அதே வருடம் இறந்துபோனார். இன்று வரி இல்லை, விசா வகை இருக்கிறது.

வெளிநாட்டு வேலை விளம்பரம் தருபவர்களிடம் விசா வகையையும் சேர்த்துப் போடச் சொல்லி உங்கள் பத்திரிகை கேட்கலாமே! தம்பியின் நண்பர்களுக்கும் அதைத்தான் சொன்னேன்: விசா வகையை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. இவர் கேட்டிருப்பது இரண்டரை லட்சம்.

இப்படிக்கு,
பொறையாறு வாசகர்,
டர்பன்