மொத்தமா லிங்க் வாங்கப் போற நம்ம கடைக்காரங்க சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

டைல்ஸ் பட்டறை, பலகாரக் கடை, கண்டாங்கி நெசவு, ஹோம்ஸ்டேன்னு எல்லாருக்கும் சேத்து ஒரே பேக்லிங்க் பேக்கேஜ், அதாவது மத்தவங்க சைட்டுல இருந்து நம்ம சைட்டுக்கு காசுக்கு லிங்க் போட்டுத் தர்றது, எடுக்கப் போறதா வாட்ஸ்அப்ல பாத்தேன், மூணு மாசத்துல கூகுள்ல மொத இடம்னு வேற போட்டிருக்கு. மொத இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு, இந்தப் பேக்கேஜ் விக்கிறவரு எப்படி குடுக்குறாரு?

அவரு அனுப்புன சாம்பிள் எக்செல் ஷீட்ட தொறந்து பாருங்க. முடி வளர்ற எண்ணெய் பத்தி ஒரு இங்கிலீஷ் சைட், நடுவுல சம்பந்தமே இல்லாம "ஆத்தங்குடி டைல்ஸ் குறைந்த விலை"ன்னு ஒரு லிங்க். அடுத்தது சூதாட்ட சைட், அதுலயும் அச்சு மாறாம அதே நாலு வார்த்தை. கீழ வரைக்கும் அதேதான்.

மாட்டுறதே இங்கதான். லிங்க்குங்கிறது இன்னொருத்தர் செய்ற சிபாரிசு. கடைத்தெருவுல நாலு பேரு அவங்கவங்க பாஷையில உங்க மணகோலப் பலகாரத்தப் பத்தி சொன்னா நம்பலாம், நாலு பேரும் ஒரே வரிய ஒப்பிச்சா எவன் நம்புவான்? ஒரே ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க்கா தெரியுற வார்த்தைங்க), சம்பந்தமில்லாத சைட், காசு வாங்கிட்டு யாருக்கு வேணா லிங்க் குடுக்குற பக்கம், திடீர்னு கொத்தா வந்து விழற லிங்க்னு இதெல்லாம் கூகுளுக்கு பளிச்சுன்னு தெரியும். 2012 ஏப்ரல்ல கூகுள்ல பென்குயின்னு ஒரு அப்டேட் வந்து இந்த மாதிரி நிறைய சைட்ட கீழ தள்ளுச்சு, 2016ல இருந்து அது எந்நேரமும் ஓடுது, இப்ப ஸ்பேம் பிடிக்க ஸ்பேம்பிரெயின்னு கூகுளோட ஏஐ வேற, அது லிங்க் வாங்குற சைட்டோட விக்கிற சைட்டையும் சேத்தே கண்டுபிடிக்குது.

இப்பல்லாம் பெரும்பாலும் அந்த லிங்க்க கண்டுக்காம விட்டுருவாங்க, அதாவது காசு போச்சு, அவ்வளவுதான். ஆனா கூகுள் ஆளு உக்காந்து பாத்து மேனுவல் ஆக்ஷன்னு தண்டனை போட்டா, சைட்காரங்களுக்கு கூகுள் குடுக்குற சர்ச் கன்சோல் பக்கத்துல நோட்டீஸ் வரும், தேடல்ல கீழ போயிருவீங்க, மொத்தமா காணாமலும் போகலாம். 2011ல அமெரிக்காவுல ஜே.சி.பென்னின்னு அவ்ளோ பெரிய கடைக்கே இது நடந்துச்சு, நியூயார்க் டைம்ஸ்ல வந்து நாறிப்போச்சு, எங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்லி ஏஜென்சிய தூக்குனாங்க, ஆனா தண்டனை விழுந்தது கடை சைட்டுக்குத்தான்.

நம்மகிட்ட சரக்கு இல்லாமலா இருக்கு? ஆத்தங்குடி டைல்ஸுக்கு கண்ணாடித் தட்டு மேல கலர ஊத்தி கையாலயே பூ போட்டு, அது மேல சிமெண்ட் மண்ணு தூவி, தண்ணில ஊறப்போட்டு எடுக்குறத தெளிவா நாலு போட்டோவோட போடுங்க, வீடு கட்டுறவங்க, ஆர்க்கிடெக்ட்டுங்க தானா லிங்க் குடுப்பாங்க. கானாடுகாத்தான்ல ஹோம்ஸ்டே நடத்துற ஆச்சி தன் வீட்டுத் தளம் எந்தப் பட்டறைன்னு எழுதுறதும் நியாயமான லிங்க்தான். காசு குடுத்து விளம்பரம் போட்டா தப்பில்ல, அந்த லிங்க்கோட கோடுல ஸ்பான்சர்டுன்னு குறிச்சிட சொல்லுங்க.

அதனால அடுத்த கூட்டத்துல இந்தப் பேக்கேஜ ரத்து பண்ணிருங்க. அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா திரும்ப வருமாங்கிறது உங்க சாமர்த்தியம், ஆனா எங்கெங்க லிங்க் போட்டாருங்கிற முழு லிஸ்ட்ட மட்டும் விடாம வாங்கி வைங்க, நோட்டீஸ் வந்தா ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்றதுக்கும், எடுக்காததை டிஸ்அவோ ஃபைல்ல (இந்த லிங்க்க கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்கு குடுக்குற லிஸ்ட்டு) போடுறதுக்கும் அதுதான் வேணும்.

இப்படிக்கு,
காரைக்குடியில வெப்சைட் வேலை பாக்குற உங்க உறுப்பினர்ல ஒருத்தன்