சூட்டுக்கு எல்லையே இல்லைன்னு ஒத்த வரில முடிச்சிரலாமா?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்க மாணவர் பக்கத்துல, குளிருக்கும் சூட்டுக்கும் எல்லை உண்டான்னு ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு, குளிருக்கு மைனஸ் 273 டிகிரி எல்லை, சூட்டுக்கு எல்லையே கிடையாதுன்னு ஒத்த வரில பதில் போட்டிருந்தீங்க. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துல மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன ஊத்தி இன்ஜின் டெஸ்ட் பண்ணுத ஊரு நம்ம ஊரு, அதனால குளிர் பக்கம் பிள்ளைங்களுக்கு ஓரளவு தெரியும், ஆனா சூட்டு பக்கம் தான் இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு.

1965ல செர்ன்ங்கிற ஐரோப்பிய துகள் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஹாகெடோர்ன் என்ன சொன்னாருன்னா, புரோட்டான், பையான் மாதிரி அணுவ விடச் சின்ன துகள் கூட்டத்த சூடேத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல நாம குடுக்குற சக்தியெல்லாம் புதுசு புதுசா கனமான துகள உண்டாக்கவே செலவாயிரும், வெப்பநிலை ஏறாது, கொதிக்கிற தண்ணிக்கு எவ்வளவு வெறகு வச்சாலும் நூறு டிகிரிலயே நிக்குற மாதிரி. அந்த எல்லை சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரி, இதத் தான் ஹாகெடோர்ன் வெப்பநிலைன்னு சொல்லுதாங்க. 1975ல கபீபோ, பரீசின்னு ரெண்டு இயற்பியலாளர்கள் அது கடைசி எல்லை இல்ல, அங்க புரோட்டானே கரைஞ்சு அதுக்குள்ள இருக்குற குவார்க்ங்கிற இன்னும் சின்ன துகள் வெளிய வருதுன்னாங்க. 2010ல அமெரிக்காவுல புரூக்ஹேவன் லேப்ல தங்க அணுக்கருவ மோதவிட்டு 4 லட்சம் கோடி டிகிரி பாத்துட்டோம்னு அறிவிச்சாங்க.

அப்போ எல்லை இல்லைன்னு தானே ஆச்சுன்னு கேக்கலாம். ஆனா விஷயம் அந்த ஒத்த வரில முடியல அண்ணாச்சி. துகள் கரையுற அந்த மாற்றம் எத்தனை டிகிரில நடக்கும்னு கணக்கு போடுறது தான் பெரும்பாடு, துகள்களுக்குள்ள பிடிப்பு ரொம்ப கூடிட்டா வழக்கமான கணக்கு செல்லாது. இங்க தான் ஹோலோகிராபி வருது: 1997ல மால்டசேனாங்கிற இயற்பியலாளர் காட்டுன வழில, இந்த மாதிரி துகள் கோட்பாடு சிலத இன்னொரு பரிமாணம் கூடுன ஈர்ப்புக் கோட்பாடா மாத்தி எழுதலாம். துகள் கோட்பாட்டுல சூடேறி துகள் கரையுறது, ஈர்ப்புக் கோட்பாட்டுல ஒரு கருந்துளை உருவாகுறதுக்கு சமம்னு 1998ல விட்டன்ங்கிற இயற்பியலாளர் காட்டுனாரு. எனக்கு இத நினைக்க நினைக்க மேலுக்குப் புல்லரிக்கும்.

2018ல ஹார்மார்க், வில்ஹெல்ம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி ஒரு கோட்பாட்டுக்கு (நம்ம உலகத்துக் கோட்பாடு இல்ல, கணக்குக்கு வசதியா எடுத்துக்கிட்டது) ஹாகெடோர்ன் வெப்பநிலைய கணக்கு போட வழி கண்டுபிடிச்சாங்க. பிடிப்பு ரொம்ப கூடுன இடத்துல, அந்தப் பிடிப்ப 16 மடங்கு ஆக்குனா ஹாகெடோர்ன் வெப்பநிலை சுமாரா 2 மடங்கு தான் ஆகுது. துகளெல்லாம் சின்னச் சின்ன இழைன்னு சொல்லுத இழைக் கோட்பாட்டுப் (ஸ்ட்ரிங் தியரி) பக்கத்துல இருந்து தனியா போட்டாலும் இதே விடை.

பிளஸ் ஒன்ல வெப்ப இயக்கவியல் படிக்குற பிள்ளைக்கு இதுல பாதி நிச்சயம் புரியும். விவரம் தெரிஞ்ச ஒரு பேராசிரியர வச்சு அரைப்பக்கமாவது எழுதிப் போடுங்க, அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை பேரையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
இயற்பியல் டியூஷன் வாத்தியார்,
பாளையங்கோட்டை