பிளான் பாஸ் பண்ணாம கட்டின ரூம் பிள்ளைங்க தலையிலதான் விடியுது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுல குவாசூலு-நட்டால்ல ஒரு சின்ன நகரத்துல இருந்து எழுதுறேன். நம்ம ஆளுங்க இருக்கற தெருவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு அவுட்பில்டிங் நிக்கும், பையனுக்குக் கல்யாணம்னா ரெண்டு ரூம் போட்டு ஒரு பாத்ரூம், தனியா ஒரு சமையல்கட்டு வச்சுக் குடுத்துடறது வழக்கம். இதுல எந்தத் தப்பும் இல்ல. எந்த இனத்துக்காரங்க எந்தப் பகுதியில இருக்கணும்னு பிரிச்சு 1950-ல வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, இருந்த இடத்துல இருந்து கிளப்பி, 60-கள்ல டர்பன்ல இந்தியருக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வர்த் மாதிரி இடங்கள்ல சின்னச் சின்ன கவுன்சில் வீடாக் குடுத்தாங்க, அதுக்குள்ள தாத்தா பாட்டி, மருமகள், பேரப்பிள்ளைங்கன்னு ஒரு கூட்டுக் குடும்பம் எப்படி அடங்கும், பின்னாடி இழுத்துக் கட்டித்தான் ஆகணும். ஆனா அந்த ரூமுக்கு பிளான் பாஸ் ஆச்சான்னு கேட்டுப் பாருங்க, பேச்சை மாத்திடுவாங்க. இதைப் பத்தி நம்ம பத்திரிகையில யாராவது எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்தது.

சொந்தத்துல நடந்ததைச் சொல்றேன். பெரியம்மா தவறினதுக்கப்புறம் பிள்ளைங்க எல்லாரும் ஒத்துமையா வீட்டை வித்துப் பங்கு பிரிச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. வாங்கறவர் கிடைச்சாரு, விலையும் பேசி முடிச்சாச்சு, அப்போ அவருக்கு லோன் குடுக்கற பேங்க் அப்ரூவ்டு பிளான் கேட்டுச்சு. ஃபைல்ல இருந்த பிளான்ல முன்பக்க வீடு மட்டும்தான், பெரியப்பா கட்டின ரெண்டு ரூமும் கார்போர்ட்டும் அதுல இல்லவே இல்ல. பின்னாடி போய்ப் பார்த்தா அந்த ரூமோட மூலைச் சுவர் சாக்கடை மேன்ஹோல் மூடி மேல பாதி ஏறி நிக்குது, மூடியோட மறுபாதி செடித்தொட்டிக்கு அடியில, அதைத் தூக்கணும்னா சுவரை இடிச்சாத்தான் உண்டு. குழாய் முனிசிபாலிட்டியோடது, நிலம் நம்மளோடதா இருந்தாலும் அந்தக் குழாய் போற பட்டையில கட்டக்கூடாதுன்னு டைட்டில் டீட்லயே, அதாவது வீட்டுப் பத்திரத்துலயே, சர்விட்யூட்னு ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கு. பெரியப்பா மேல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, அவர் சம்பாதிச்ச காசுல பிள்ளைக்காகக் கட்டினாரு. ஆனா வியாபாரம் முறிஞ்சு போச்சு, யாரு செலவு பண்ணி இதைச் சரி பண்றதுன்னு அண்ணன் தம்பிங்களுக்குள்ள இப்ப முகம் குடுத்துக்கூட பேசிக்கறதில்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1977-ஆம் வருஷத்து 103-ஆம் நம்பர் சட்டம், நேஷனல் பில்டிங் ரெகுலேஷன்ஸ் சட்டம்னு சொல்றது, அதோட 4-ஆவது பிரிவுப்படி முனிசிபாலிட்டி எழுத்துல அனுமதி குடுக்காம கட்டவே கூடாது. மீறினா ஒரு நாளைக்கு 100 ராண்ட் வரைக்கும் அபராதம். 100 ராண்ட்தானேன்னு நிறைய பேர் அலட்சியமா விட்டுடறாங்க, ஆனா அதே சட்டத்துல 21-ஆவது பிரிவு இருக்கு, அதுல முனிசிபாலிட்டி மாஜிஸ்ட்ரேட் கிட்ட போய் வேலையை நிறுத்தவோ கட்டினதை இடிக்கவோ உத்தரவு வாங்கலாம்.

சரி, ஜனங்க ஏன் பிளான் போடாம கட்டறாங்க? முனிசிபாலிட்டி கவுண்டருக்குப் போனவங்களைக் கேளுங்க. ஒரு பேப்பர் குறையுதுன்னு அனுப்புவாங்க, அதைக் கொண்டு போனா இன்னொண்ணு குறையுதும்பாங்க, எல்லாத்தையும் ஒரே தடவையில சொன்னா என்ன? சட்டத்துல 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாள்லயும் அதுக்கு மேல இருந்தா 60 நாள்லயும் முடிவு சொல்லணும்னு இருக்கு. நம்ம ஊர்ல விண்ணப்பம் முழுசா இல்லன்னு வாய்ல சொல்லித் திருப்பிடறதால அந்த 30 நாள் ஆரம்பிக்கறதே இல்ல. முடியாதுன்னு சொன்னாலும் காரணத்தை எழுத்துல குடுத்தாகணும், அப்படி மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அந்தக் குறையை மட்டும் திருத்தி அதே பிளானை மறுபடி போட்டா கூடுதல் ஃபீஸ் கேட்கக் கூடாது, 7-ஆவது பிரிவுலயே இருக்கு இது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாததாலதான் வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வந்து, அலுத்துப் போய், சனி ஞாயிறுல மேஸ்திரியைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பிச்சுடறாங்க. அதனால கவுண்டர்ல நிக்கறப்போ தேதி போட்ட ரசீது கேளுங்க, இல்லன்னா என்ன குறையுதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, மரியாதையா ஆனா விடாம கேளுங்க.

போறதுக்கு முன்னாடி டைட்டில் டீட் காப்பி, நிலத்தோட எஸ்.ஜி. டயகிராம் (சர்வேயர் ஜெனரல் ஆபீஸ் அளவு வரைபடம்), ஸோனிங் விவரம் (அந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கறது) எல்லாம் எடுத்து வச்சுக்கணும். பல இடத்துல ரேட்ஸ், அதாவது வீட்டு வரி, பாக்கி இருந்தா ஃபைலைத் தொடவே மாட்டாங்க. பிளான் வரையறவர் சாகாப்ல, அதாவது கட்டட வடிவமைப்பாளர்களோட கவுன்சில்ல, பதிவு பண்ணவரா இருக்கணும், தெரிஞ்ச பையன் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுத்தான்னா செல்லாது, அவர்கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்டு வாங்கிச் சரி பாருங்க. புதுசாக் கட்டற செங்கல் சுவர் பிளான்ல சிவப்பு, கான்கிரீட் பச்சை, மரம் மஞ்சள்னு கலர் வரைக்கும் விதி இருக்கு, அதுல தப்பு இருந்தாக்கூட திரும்பி வரும். பாஸ் ஆனதும் 12 மாசத்துக்குள்ள வேலை ஆரம்பிக்கலன்னா அனுமதி காலாவதி ஆயிடும், முன்கூட்டியே எழுதிக் கேட்டு நீட்டிக்கலாம்.

இன்னொண்ணு, இது இப்பத்தான் நம்மளைப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. 60 வருஷத்துக்கு மேல பழசான கட்டடத்தை மாத்தணும்னாலோ இடிக்கணும்னாலோ ஹெரிட்டேஜ் அனுமதியும் வேணும், நம்ம மாகாணத்துல அது அமாஃபாங்கற பாரம்பரியச் சின்னங்களைப் பாத்துக்கற அமைப்பு கிட்ட வாங்கறது. கோயிலு, பழைய பங்களாவுக்குத்தான் இதெல்லாம்னு நினைக்கறாங்க, ஆனா 1964, 65-ல கட்டின கவுன்சில் வீடெல்லாம் இப்போ 60-ஐத் தாண்டிடுச்சு.

பேப்பர் வேலைதானேன்னு சொல்றவங்க நம்ம மாகாணத்து டோங்காட் ஊரை நினைச்சுப் பாக்கணும். 2013 நவம்பர் 19-ஆம் தேதி அங்க கட்டிக்கிட்டிருந்த மால் இடிஞ்சு விழுந்து ரெண்டு பேர் செத்தாங்க, 29 பேருக்கு அடி. அந்தக் கட்டடத்துக்கு பிளானே பாஸ் ஆகல, வேலையை நிறுத்தச் சொல்லி கோர்ட் உத்தரவும் வந்திருந்தது, அதுக்கப்புறமும் வேலை நடந்திருக்கு. ஆனா இன்னொரு பக்கம், 2024 மே 6-ஆம் தேதி ஜார்ஜ் நகரத்துல விழுந்து 34 பேரை பலி வாங்கின அடுக்குமாடிக்கு பிளான் பாஸ் ஆகியிருந்தது. அதனால முனிசிபாலிட்டிகிட்டயும் கேட்கறேன், முத்திரை குத்தினதோட கடமை முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க, அஸ்திவாரம் தோண்டறப்போ, டிரெயின் போடறப்போ இன்ஸ்பெக்டர் வந்து நிக்கணும், வேலை முடிஞ்சு நாங்க கேட்ட 14 நாள்ல குடியேறலாம்னு குடுக்கற ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் விஷயத்துல முடிவு சொல்லணும்.

ஏற்கனவே கட்டினவங்க பயந்து ஒதுங்க வேண்டாம். இருக்கறதை அப்படியே அளந்து ஆஸ்-பில்ட் பிளான் போட வழி இருக்கு, இன்ஜினியர் சர்டிஃபிகேட் கேட்பாங்க, செலவு ஆகும், சில இடத்துல கூடுதல் கட்டணமும் போடுவாங்க, ஆனா அப்பா அம்மா உசிரோட இருக்கறப்போ, பெரியவங்க கையெழுத்துப் போட முடியறப்போ இதை முடிச்சுடுங்க.

ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். என்னென்ன பேப்பர் வேணும்ங்கற முழுப் பட்டியலை பில்டிங் கண்ட்ரோல் ஆபீசர் கிட்ட கேட்டு வாங்கி தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க, நாங்க அதை ஜெராக்ஸ் எடுத்து கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம். மாசத்துல ஒரு சனிக்கிழமை அந்த ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் நம்ம ஹால்ல வந்து உக்கார முடியுமான்னும் கேட்டு எழுதுங்க, மேஜை நாற்காலி, டீ எல்லாம் நாங்க பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா