கட்டணத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தொலைக்காட்சியில் காட்டப்படும் போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘எதிராளியின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை’ என்று அதில் ஒரு வரி. அதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். இதையே என் தம்பியின் வாயால் ஆறு வருடம் கேட்டவள் நான்.

இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தோம். ஆட்டக்காரர் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டை மேசையில் பொருத்திய கேமரா நமக்குக் காட்டிவிடும். ஹென்றி ஓரன்ஸ்டீன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யார் கையில் என்ன சீட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு, எல்லாம் திரையிலேயே இருக்கும். ‘இவனிடம் ஒன்றுமில்லை அக்கா, சும்மா மிரட்டுகிறான்’ என்பான் தம்பி. திரையில் பார்த்ததைத் தன் கண்ணின் கூர்மை என்றே நம்பிவிட்டான். கைக்கு வந்த சீட்டை ஆடாமல் வீசிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் தொழில்முறை ஆட்டக்காரரின் வேலை. அதையெல்லாம் வெட்டிவிட்டு, இருப்பதையெல்லாம் பந்தயமாக முன்னால் தள்ளும் நொடிகளை மட்டும் கோத்துக் காட்டினால் பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 2003இல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கதையை எத்தனை முறைதான் எழுதுவீர்கள்! அவர் வென்ற ஆண்டு அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அந்த ஆண்டு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு காசும் திரும்பி வரவில்லை. அவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரியாவது வந்ததுண்டா?

ஸ்டூ உங்கர் என்ற ஆட்டக்காரரை ‘மேதை’ என்று எழுதினீர்கள். மேதைதான், மறுக்கவில்லை. 1980, 1981, 1997 என்று மூன்று முறை அதே முதன்மைப் போட்டியில் பட்டம் வென்றவர். ஆனால் 1997இல் நீலக் கண்ணாடி அணிந்து ஆடிய அந்த மனிதருக்குக் கட்டணத்தைக் கட்டியவர் பில்லி பாக்ஸ்டர் என்ற இன்னொரு ஆட்டக்காரர். பரிசில் பாதி அவருக்குப் போனது. மறு ஆண்டே, 45 வயதில், மலிவான விடுதி அறை ஒன்றில் உங்கர் தனியாக இறந்து கிடந்தார். இதை எழுத இடமில்லையா, மனமில்லையா?

பெண் ஆட்டக்காரர்களைப் பற்றி முன்பு ஒரு பக்கம் வெளியிட்டீர்களே, அதுவும் என் மனதில் ஆறவில்லை. 1995இல் அதே முதன்மைப் போட்டியில் பார்பரா என்ரைட், கடைசியாக மிஞ்சியவர்கள் ஆடும் இறுதி மேசைவரை வந்து ஐந்தாம் இடம் பிடித்தது அதில் இல்லை. உடை, நகை பற்றி மூன்று பத்தி இருந்தது. அப்போதே கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை. போகட்டும்.

தம்பியின் நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பச்சை மையில் தேதி போட்டு, வென்ற தொகையை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டி, இரட்டைக் கோடு இழுத்திருக்கிறான். ஒரு பக்கத்தில்கூடக் கட்டிய பணத்துக்கு இடமே ஒதுக்கவில்லை. கடன்காரர்கள் வந்து நின்ற பிறகுதான் அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் கட்டுரையோடு வந்த ‘பரிசு மழை’ அட்டவணையைப் பார்த்தபோது அதே நோட்டை மறுபடி திறந்ததுபோல் இருந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. இனிமேல் பரிசுத் தொகையை வெளியிடும்போது, அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் அந்தப் பணக்கட்டுப் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி