குழாய்க்குப் போகும் பணம்

வெலிங்டன், நியூசிலாந்து,
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"அங்கே வீட்டு வரி எவ்வளவு?" என்று போன வாரம் கேட்டீர்கள். தொலைபேசியில் தொடங்கினால் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இதற்கு இங்கே 'ரேட்ஸ்' என்று பெயர். வருடத்துக்கு 4 தவணை. தேதி தவறினால் தவணையில் 10 சதவீதம் அபராதம். இந்த மாதம் கட்டியது ஆயிரத்துச் சொச்சம் டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், இரவு தூக்கம் வராது. பள்ளிக்கூடமும் போலீசும் மைய அரசின் பொறுப்பு. குடிநீர், சாக்கடை, தெரு, நூலகம், பூங்கா ஆகியவை மாநகர மன்றத்தின் தலையில். வருமான வரியில் அதற்குப் பங்கு கிடையாது என்பதால், செலவு கூடினால் வீட்டுக்காரனைத்தான் பிடிக்கும்.

2022இல் நம் வீட்டுக்கு 50 சதவீதம் ஏற்றியபோது தெருவே கொதித்தது அல்லவா? இங்கே இந்த ஆண்டு சராசரியாக 18.5 சதவீதம். சாக்கடைக் கசடைச் சுத்திகரிக்கும் ஆலைக்கான தனி வரியும் அதில் அடக்கம்.

காரணம் உங்கள் இலாகாதான், அப்பா. குழாய்! இந்த நகரத்தில் குடிநீரில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. நிலநடுக்க பூமி வேறு. வரியை ஏற்றினால் ஓட்டு போய்விடும் என்ற பயத்தில் பல வருடங்களாகக் குழாய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டார்கள் என்பது என் எண்ணம். புதைத்த குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? அதே நேரம், 1904இல் திறந்த டவுன் ஹாலை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பலப்படுத்தும் வேலைக்கு 32.9 கோடி டாலர் வரை ஆகலாம் என்று போன வருடம் சொன்னார்கள். ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடு ஐந்து கோடியைக்கூடத் தொடவில்லை.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். பத்தாண்டுத் திட்டத்தை முடிவு செய்யும் முன்னால் குழாய்க்கு எவ்வளவு, மன்றத்தின் சொத்தில் எதை விற்கலாம் என்று ஊரைக் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், நேரில் போயும் பேசலாம். நானும் எழுதினேன்: 'முதலில் குழாய், மண்டபம் பிறகு.' படித்தார்களோ இல்லையோ, பதிவு செய்து எண் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டிக்குக் குறைந்த வருமானக்காரர்களுக்கான வரிச் சலுகைப் படிவத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், பாவம்.

நேற்றுக் காலை எங்கள் தெருமுனையில் தார் வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து, வால்வின் மேல் இரும்புக் கம்பியை ஊன்றி, கசிவின் சத்தம் கேட்க மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நீங்கள் விடியற்காலையில் சைக்கிளில் கம்பியைக் கட்டிக்கொண்டு கிளம்புவீர்களே, அதே கம்பி! ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். மாலையில் வந்தபோது வட்டம் நனைந்து அழிந்திருந்தது.

நம் வீட்டின் வரிவிதிப்பு எண்ணை அனுப்புங்கள். அக்டோபரில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இங்கிருந்தே இணையத்தில் கட்டிவிடுகிறேன். நீங்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம்.

அன்புள்ள மகன்